சத்துக்குறைவு, வைரஸ், குழந்தைப் புற்றுநோய்: சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் குழந்தைகளின் சாப்பாடு பற்றித் தாய்மார்களோடு பேசுவது என் வேலை. "இந்த மினரல் குறைந்தால் குழந்தைக்கு கேன்சர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒன்று சுற்றத் தொடங்கினால், அடுத்த சில நாட்களுக்கு எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன்.

தாது உப்புகள் குறைந்தால் குழந்தைக்குப் புற்றுநோய் வருமா?

இரும்பு, துத்தநாகம், செலினியம், மெக்னீசியம் இவற்றில் ஏதோ ஒன்று குறைந்ததால் மட்டும் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் வந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அடுத்து மூளைக் கட்டிகள், நிணநீர்ப் புற்று, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் புகையிலை, மது, பல ஆண்டுப் பழக்கவழக்கம் எல்லாம் கணக்கில் வரும். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படி என்ன பழக்கம் இருக்கப் போகிறது? செல்கள் பிரிந்து வளரும்போது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றங்களே பெரும்பாலும் தொடக்கம். ரத்தப் புற்றில் முதல் மாற்றம் கருவிலேயே நடந்துவிடுவதும் உண்டு.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோய் தெரிந்த அன்று வீட்டில் எல்லோருடைய பார்வையும் அம்மாவின் பக்கம் திரும்பும். "மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிட்டியா", "பால் கொடுத்தியா", "பிஸ்கட் பிஸ்கட்டாக் கொடுத்தியே" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தத் தாய் எதையும் தவறாகச் செய்யவில்லை. மாமியார், நாத்தனார், கணவர் என்று வீட்டில் யார் இதைப் படித்தாலும், தயவுசெய்து இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

அப்படியானால் சத்துக்குறைவையும் வைரஸையும் புற்றுநோயையும் ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்?

மூன்றுக்கும் நடுவில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. வைரஸை எதிர்க்கும் டி செல்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. துத்தநாகம் கடுமையாகக் குறைந்தால் அந்தச் சுரப்பியே சுருங்கிவிடும். செலினியம் குறைந்தால், கிருமியோடு நடக்கும் சண்டையில் உடலின் சொந்த செல்களுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுக்கும் நொதிகள் வேலை செய்யாது. இரும்பு குறைந்தாலும் வெள்ளணுக்களின் பலம் குறையும்.

இது முதல் கண்ணி. சில வைரஸ்கள் புற்றுநோய்க்கு வழி விடும் என்பது இரண்டாவது. இரண்டும் உண்மைதான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு "மினரல் பவுடர் குடித்தால் கேன்சர் வராது" என்று விற்கிறார்களே, அங்கேதான் பொய் நுழைகிறது.

செலினியம் குறைந்தால் சாதாரண வைரஸ் கொடிய வைரஸாக மாறுமாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

சீனாவின் வடகிழக்கில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், கேஷான் என்று ஒரு பகுதி. 1935 குளிர்காலத்தில் அங்கே குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் இதயம் வீங்கி, தசை பலவீனமாகி இறந்தார்கள். அந்த மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அந்த மண்ணில் விளைந்ததையே சாப்பிட்டவர்கள் உடம்பிலும் அது இல்லை. பிற்பாடு 1970-களில் குழந்தைகளுக்கு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. மண் வருடம் முழுவதும் ஒரே மண். நோய் மட்டும் ஏன் சில பருவங்களில், சில ஆண்டுகளில் கூடுகிறது? தேடியபோது காக்ஸாக்கி என்ற வைரஸ் அகப்பட்டது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மெலிண்டா பெக் என்ற விஞ்ஞானி எலிகளிடம் இதைச் சோதித்தார். இதயத்துக்குத் தீங்கு செய்யாத ஒரு காக்ஸாக்கி வகையை, செலினியம் குறைந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகளின் இதயம் பழுதானது. அவற்றிலிருந்து எடுத்த வைரஸை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் இதயமும் பழுதானது. வைரஸின் மரபணுவே மாறியிருந்தது. 1995-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. சத்தில்லாத ஒரு குழந்தையின் உடம்பில் மாறிய வைரஸ், பக்கத்து வீட்டில் நன்றாகச் சாப்பிடும் குழந்தையையும் தாக்கலாம் என்பதுதானே இதன் பொருள்? ஊட்டச்சத்தை ஊருக்கே பொதுவான கவலையாகப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அது இதயநோய் பற்றிய ஆய்வு. அதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை. செலினியம் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். பலன் இல்லை. குறைவு இல்லாதவர் கூடுதலாக விழுங்கினால் முடி கொட்டும், நகம் உடையும். நம் நாட்டிலேயே பஞ்சாபில் செலினியம் மிகுந்த மண் உள்ள சில பகுதிகளில் இந்த நச்சுப் பாதிப்பைப் பார்த்திருக்கிறார்கள். முட்டை, மீன், கறி, தானியம் சாப்பிடும் குழந்தைக்குத் தனியாக செலினியம் மாத்திரை தேவையில்லை.

எந்தெந்த வைரஸ் குழந்தைகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும்?

ஒரு சில மட்டும்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் அதில் முதன்மையானது. 1958-இல் உகாண்டாவில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். 1964-இல் அந்தக் கட்டியின் செல்களுக்குள் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள்.

உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே வந்து, உடம்பிலேயே தங்கியிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாக வந்துவிடும், வந்ததே தெரியாது. எல்லோருக்கும் இருக்கிறது, புற்று வருவதோ வெகு சிலருக்கு. காரணம், வைரஸ் மட்டும் போதாது. ஆப்பிரிக்காவில் அடிக்கடி வந்த மலேரியா குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து வழி விட்டது. மேற்குக் கென்யாவில், இந்தக் கட்டி அதிகம் வரும் இடங்களில் ஊட்டக்குறைவும் மலேரியாவும் வைரஸ் அளவும் சேர்ந்தே கூடியிருந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சத்துக்குறைவு இந்தக் கதைக்குள் வருவது இப்படித்தான், பின்வாசல் வழியாக.

இன்னொன்று ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் கல்லீரலில் தங்கி, பல ஆண்டு கழித்து, சில நேரம் குழந்தைப் பருவத்திலேயே, புற்றாகும். தைவான் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்று கண்கூடாகக் குறைந்தது. நம்மிடமும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியோடு சேர்த்து இலவசமாகப் போடுகிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் மருந்து எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

புற்றுநோய் உள்ள குழந்தையோடு என் பிள்ளை விளையாடலாமா?

தாராளமாக. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. உங்கள் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் அன்று அனுப்பாதீர்கள். அது அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதற்காக.

நம்ம ஊரில்தான் மக்னசைட் சுரங்கமே இருக்கிறதே. மெக்னீசியம் குறைந்தால் வைரஸும் புற்றும் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நமக்கு அந்தக் கவலை இல்லைதானே?

செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்பது இயல்புதான். மக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட் பாறை. எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்யத் தோண்டி எடுக்கிறார்கள். அது பக்கத்தில் இருப்பதால் நம் தட்டில் மெக்னீசியம் கூடிவிடாது. கடலை, எள், கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு சாப்பிட்டால் கூடும். சாதாரணமாகச் சாப்பிடும் குழந்தைக்கு மெக்னீசியம் குறைவது அரிது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, சில சிறுநீரகக் கோளாறுகள், சில மருந்துகள் இவற்றால் குறையலாம்.

அந்த வீடியோவுக்கு அடிப்படை ஒன்று உண்டு. 2011-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் லெனார்டோவின் குழு, எக்ஸ்மென் என்ற அபூர்வமான பரம்பரை நோயைக் கண்டுபிடித்தது. செல்லுக்குள் மெக்னீசியம் போவதோடு தொடர்புடைய மேக்-டி1 என்ற மரபணு பழுதாகி, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் நோய் அது. அந்தப் பிள்ளைகளால் எப்ஸ்டீன்-பார் வைரஸை அடக்க முடிவதில்லை. சிலருக்கு நிணநீர்ப் புற்று வருகிறது. தாது உப்பு, வைரஸ், புற்று மூன்றும் ஒரே நோயில்! விஞ்ஞானிகளுக்கே ஆச்சரியமாக இருந்தது. 2013-இல், மெக்னீசியம் கொடுத்தால் வைரஸை எதிர்க்கும் செல்கள் சுறுசுறுப்பாவதாக எழுதினார்கள். வீடியோ போடுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது மெக்னீசியம் மாத்திரை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்த மரபணுவின் முக்கிய வேலை, புரதங்களோடு சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டுவது என்றும் தெரிய வந்தது. அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் மெக்னீசியம் பெரும்பாலும் சரியான அளவில்தான் இருக்கும். ஆகவே சாப்பாட்டில் மெக்னீசியம் குறைவதையும் இந்த மரபணு நோயையும் ஒன்றாகக் கட்டிப் பேசக் கூடாது.

கஞ்சமலை முழுக்க இரும்பு. அப்புறம் ஏன் நம் குழந்தைகளுக்கு ரத்தசோகை?

பாறையில் இருக்கும் இரும்பு பாறையில்தான் இருக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதும் பார்த்தால் 67. இது சின்ன விஷயம் இல்லை. புற்றுநோய் பயத்தை எல்லாம் தள்ளி வையுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் நம் வீட்டுக் குழந்தையை நிஜமாகவே இன்று பிடித்திருக்கக் கூடியது இதுதான்.

காரணங்கள் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களில் சின்னக் குழந்தைக்குக்கூட சாப்பாட்டோடு வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுப்பார்கள். குளிருக்கு இதமாக இருக்கும், ஆனால் காப்பியும் தேநீரும் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. வேண்டுமானால் பெரியவர்கள் சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். குழந்தைக்கு வேண்டாம். செருப்பில்லாமல் தோட்டத்து ஈர மண்ணில் நடக்கும் கால்களில் கொக்கிப்புழு ஏறும். அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

முருங்கைக்கீரை நல்லது. ஆனால் கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக ஏறும். கறி சாப்பிடும் வீடாக இருந்தால் ஈரலும் சுவரொட்டியும் வாரத்தில் ஒரு நாள் போதும். நம் பாட்டிகள் சொன்னது இதில் சரிதான்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். குழந்தை பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு, மண், சாம்பல், பச்சரிசி என்று தேடித் தேடித் தின்கிறதா? வாயோரம் வெள்ளையாகப் பல்பத் தூளோடு வரும் பிள்ளையை அடிக்காதீர்கள். இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லதுதானே?

ஓரிரு நாளைக்கு நல்லது. வயிற்றுக்கு லேசு. ஆனால் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை மட்டும் பிரித்து உருட்டியது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிழங்கை அரைத்து, திப்பியை நீக்கி, பாலைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவை மட்டும் எடுப்பார்கள். புரதமும் இரும்பும் துத்தநாகமும் அதில் ஏறக்குறைய இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் அதையே கொடுத்தால் குழந்தை மெலிந்துகொண்டே போகும். மூன்றாம் நாளே பருப்பு, முட்டை, முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி என்று மாற்றிவிடுங்கள். கேழ்வரகு நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் தாது உப்புகளைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும். பழைய புளித்த கூழுக்கு இந்த நன்மை உண்டு.

"ரத்தம் கம்மி" என்று டானிக் கொடுத்தார்கள். எத்தனை நாள் பார்ப்பது?

நான்கு வாரம்.

சரியான அளவில், தினமும் விடாமல் இரும்பு டானிக் கொடுத்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஏறினால் மருத்துவர் சொல்லும் வரை, பொதுவாக இன்னும் இரண்டு மூன்று மாதம், தொடருங்கள். ஏறவில்லையென்றால் டானிக்கை மாற்றி வேறு கம்பெனி டானிக் வாங்குவது தீர்வாகாது. ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டும். ஒழுங்காகக் கொடுக்கவில்லையா, புழுவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயா, மலைவாழ் மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் நோயா, அல்லது எலும்பு மஜ்ஜையிலேயே ஏதாவது கோளாறா?

புற்றுநோய் உள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். வெளிறிப்போன முகம், சோர்வு, விட்டு விட்டுக் காய்ச்சல். "சத்து இல்லை" என்று முதலில் ஒரு டானிக், அப்புறம் இன்னொரு டானிக், மாதக்கணக்கில். ரத்தப் புற்றும் இதே முகத்தோடுதான் வரும். முழு ரத்த எண்ணிக்கையும், ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் பார்த்திருந்தால் சந்தேகம் முதல் வாரத்திலேயே எழுந்திருக்கும். அவை விலை உயர்ந்த பரிசோதனைகளே இல்லை.

வெளிறலோடு கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்:

- காரணம் தெரியாமல் இரண்டு வாரத்தைத் தாண்டும் காய்ச்சல்
- அடிபடாத இடத்தில் நீலம் பூத்த தழும்பு, தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் அல்லது மூக்கில் ரத்தம்
- இரவில் எழுந்து அழும் அளவுக்குக் கால் வலி, நடக்க மறுப்பது
- கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும் நெறிக்கட்டி
- குளிப்பாட்டும்போது வயிற்றில் தட்டுப்படும் கட்டி
- போட்டோவில் ஒரு கண்ணின் நடுவே மட்டும் வெள்ளையாகத் தெரிவது
- காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம்

டெங்குவிலும் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையும். ஆனால் டெங்குவில் ஒரு வாரம், பத்து நாளில் ஏறிவிடும். ஏறாமல் நின்றாலோ வெள்ளணு எண்ணிக்கை விசித்திரமாக இருந்தாலோ ஸ்மியர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: கால் வலிக்கோ நெறிக்கட்டிக்கோ காரணம் தெரியும் முன்பே ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ரத்தப் புற்று சில வாரங்களுக்கு மறைந்து நிற்கும், கண்டுபிடிப்பதும் சிக்கலாகும். எழுதிக் கொடுத்த மாத்திரை ஸ்டீராய்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை தருகிறார்களே, எதற்கு?

குடலின் உட்புறத் தோல் சீக்கிரம் ஆறும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதும் குறையும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா போன்ற வைரஸ்களே பெரும்பாலும் காரணம். எனவே ஆன்டிபயாடிக் பொதுவாக வேண்டியதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலும் ஜிங்கும்தான் மருந்து. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லிருந்து இதைப் பரிந்துரைக்கின்றன. நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம், 14 நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ போட்டால் கரைந்துவிடும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், 14 நாளும் கொடுங்கள்.

மனிதருக்குத் துத்தநாகம் குறையும் என்பதையே 1960-களில்தான் உலகம் அறிந்தது. ஈரானில் வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைப் பார்த்து அதைக் கண்டறிந்தவர், பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத்.

நல்லதுதான் என்றால் தினமும் கொடுத்துவிடலாமே?

வேண்டாம். துத்தநாகம் நாள்பட அதிகமானால் உடம்பில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்களும் குறையும். எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே வரவழைப்போம். கொரோனா சமயத்தில் மருந்துக் கடைகளில் ஜிங்க் மாத்திரை அடுக்கடுக்காக விற்றது. பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்ததில் அதிகப்படியான ஜிங்க் நோயின் நாட்களைக் குறைக்கவில்லை.

முடியை அனுப்பி மினரல் டெஸ்ட் செய்யலாமா?

காசு வீண். ஷாம்பூ, தண்ணீர், தூசி எல்லாம் முடியின் அளவை மாற்றும். ரத்தத்தில் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. காய்ச்சல் இருக்கும்போது ரத்தத்தில் துத்தநாகம் தானாகவே குறைந்து காட்டும். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தானாகவே கூடிக் காட்டும். புற்றுநோய் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் துத்தநாகமும் செலினியமும் குறைவு என்று வரும் செய்திகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். குறைவினால் நோய் வந்ததா, நோயினால் குறைந்ததா என்று அந்த ஒரு ரத்தத் துளி சொல்லாது.

செந்தூரம், பற்பம் கொடுக்கலாமா?

கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகும் ஊர் இது. சித்த மருத்துவத்தின் மீது மக்களுக்கு உள்ள மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அதில் ஈயமோ பாதரசமோ இருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோவை, அதாவது புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்துச் சிகிச்சையை, நிறுத்திவிட்டு மட்டும் எங்கும் போய்விடாதீர்கள். பாதியில் நிறுத்திய நோய் திரும்பி வரும்போது அதை அடக்குவது பலமடங்கு கடினம்.

கீமோ எடுக்கும் குழந்தைக்கு என்ன சத்து கொடுக்க வேண்டும்?

இங்கே சாப்பாடு நிஜமாகவே உயிரைக் காக்கும். எடை குறைந்த குழந்தைக்குக் கீமோவைத் தாங்கும் பலம் குறைவு, கிருமித் தொற்று அதிகம், மருந்தைத் தள்ளிப்போட வேண்டி வரும். முட்டை, பருப்பு, பால், நன்றாக வெந்த கறி, நெய் விட்ட குழைந்த சாதம், கடலை உருண்டை என்று குழந்தை கேட்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் பச்சையாக எதுவும் வேண்டாம். சேலத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது தட்டுவடை செட். துருவிய பச்சை கேரட், பீட்ரூட், வெங்காயம், காலையில் அரைத்த சட்னி எல்லாம் அதில் இருக்கிறது. கடையில் வாங்காதீர்கள். வீட்டிலேயே தட்டுவடையை வாங்கி வைத்து, கேரட்டை வேகவைத்துத் துருவி, கொதிக்க வைத்த தக்காளிச் சட்னி வைத்துச் செய்து கொடுங்கள். வாய்ப்புண்ணோடு இருக்கும் குழந்தைக்குக் காரமில்லாமல். அதைத் தின்னும்போது முகத்தில் வரும் சந்தோஷமும் மருந்துதான்.

ஒரு முக்கியமான விஷயம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை மற்றப் பிள்ளைகளுக்கு அவசியம். ஆனால் ரத்தப் புற்றுச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் புற்றுச் செல்லைக் கொல்கிறது. ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடம்பில் சேர்கிறது, கூடுதல் இரும்பு தேவையில்லை. வகுப்பாசிரியரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்று தயங்குகிறார்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு இறங்கிவிடுங்கள்.

வீட்டில் அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கிறது. மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டுமா?

அன்றே சொல்ல வேண்டும். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், அம்மனே வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி வெளியே சொல்லாமல் இருப்போம். வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சின்னம்மை வைரஸ் கீமோ எடுக்கும் குழந்தையின் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கலாம், உயிருக்கே ஆபத்து. அம்மை போட்டவரோடு பழகிய முதல் நான்கு நாட்களுக்குள் தெரிந்தால் பாதுகாப்பு ஊசி போட நல்ல வாய்ப்பு இருக்கிறது. தட்டம்மையும் அப்படியே. கூடப் பிறந்தவர்களுக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். ஆனால் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் வீட்டில் கீமோ எடுக்கும் குழந்தை இருப்பதைச் சொல்லிவிடுங்கள், சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது.

எங்கே போவது, எவ்வளவு செலவாகும்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஏற்காடு அரசு மருத்துவமனை. அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, 1954-லிருந்து இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நகையை அடகு வைக்கும் முன் அங்கே போங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சிகிச்சை எடுத்தால் பிழைக்குமா?

வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 80-க்கும் மேல் குணமாகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அது குறைவு. தாமதமாக வருவது, பாதியில் நிறுத்துவது, மெலிந்த உடம்பு, கிருமித் தொற்று இவைதான் காரணங்கள். 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்று வகைக்கு இரண்டு, மூன்று ஆண்டு மருந்து எடுக்க வேண்டியிருக்கும். அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரை. முதல் சில மாதங்கள்தான் மருத்துவமனைக்கு அடிக்கடி வர வேண்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பச் சொல்வார்.